கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பிக்கப்

கணவர் ரொசாரியோ இறந்து ஏழு மாதமாகியும் ஜெசிந்தாவால் அவருடைய கல்லறைக்குப் போக முடியவில்லை. நான்கு முறை கிளம்பினாள். கடற்கரை வளைவு வந்ததுமே அழுகை முட்டும், நெஞ்சு படபடக்கும். உடனே கார், "உங்கள் இதயத்துடிப்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் தானாகவே மருத்துவமனைக்குத் திரும்பிவிடும். தானே ஓடும் இந்தக் காலத்துக் கார்கள் எல்லாமே அப்படித்தான். நடந்து போகவோ அவளுடைய முழங்கால் விடாது.

மோட்டார் வேலை தெரிந்த நாத்தனார் பிலோமிதான், கொட்டகையில் கிடந்த அண்ணனின் பழைய பிக்கப் வண்டியைப் பற்றிச் சொன்னாள். அதை நாமே ஓட்டலாம், அது இதயத்துடிப்பையெல்லாம் பார்க்காது. இருவரும் மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினார்கள். துருவைச் சுரண்டினார்கள். டீசல் எங்கும் கிடைக்காததால் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தினார்கள். ஜெசிந்தா குள்ளம் என்பதால் பிலோமி இருக்கையை உயர்த்தி, பிரேக்கை அவள் காலுக்கு எட்டும்படி நீட்டி வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசிந்தாவே வண்டியை எடுத்தாள். வளைவில் கண் நிறைந்தது.

"திருப்பிருவமா மைனி?" என்று கேட்டாள் பிலோமி.

"வேண்டாம். மெதுவாப் போறேன்."

வண்டி எதுவும் சொல்லாமல் கல்லறைத் தோட்டம்வரை போனது.

ஜெசிந்தா சிலுவையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வெயில் ஏறும்வரை அழுதாள். சற்றுத் தள்ளி நின்ற பிலோமி தடுக்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த ஜெசிந்தா, "பசிக்குது பிலோமி. போற வழியில எங்கயாச்சும் இட்லி தின்னுட்டுப் போவமா?" என்றாள்.

அவள் வாயிலிருந்து 'பசிக்குது' என்ற சொல்லைக் கேட்டுப் பத்து மாதமாகியிருந்தது.