படகைச் செருப்பாய் மாட்டிய பூதம்

"திருட்டுப் பயலைக் கூப்பிட்டு உக்கார வச்சு, காப்பி வேற ஊத்திக் குடுக்குறியா தூரிட்?"

குன்வோர் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்ட கேள்வி இது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெர்கன் நகரத்திலிருந்த அந்தச் சின்னப் பதிப்பகத்தின் தரையெல்லாம் நீர் சொட்டியது.

"முதல்ல உக்காருங்க. பேசித் தீத்துக்கலாம்" என்றாள் பதிப்பாசிரியை தூரிட்.

"உக்கார வரல நான். நாளைக்கு இவன் புத்தகம் கடைக்குப் போகக் கூடாது. போச்சுன்னா நான் நேரா பத்திரிகைக்காரங்ககிட்ட போவேன்."

சின்ட்ரே காப்பியை வைத்துவிட்டு எழுந்து நின்றான். நாற்பதை நெருங்கும் வயது. சால்மன் மீன் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த ஓய்வில் மூன்று வருடம் உட்கார்ந்து வரைந்த முதல் புத்தகம். பிரதிகள் எல்லாம் கிடங்கில் கட்டுக் கட்டாகத் தயாராக இருந்தன.

குன்வோருக்கு எழுபத்திரண்டு வயது. மாயக்கதை ஓவியர் என்றால் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான். அவர் ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவன் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு மீன் பண்ணையோடு நின்றுவிட வேண்டியதுதான்.

இரண்டு புத்தகங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"பாரு. மூக்கு மேல மரம் முளைச்சிருக்கு. அது ஊர்ச் சொத்து, எல்லாரும் வரையறாங்க. மாட்டு வாலு இருக்கு. அதுவும் ஊர்ச் சொத்து. நான் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா இது என்ன?"

விரல் பூதத்தின் பாதத்தில் குத்தி நின்றது.

"துடுப்புப் படகைச் செருப்பா மாட்டியிருக்கு! என் பூதத்துக்கும் இடது கால்ல படகு, வலது கால் வெறுங்காலு. இவனோட பூதத்துக்கும் அதே இடது கால்ல படகு, அதே வெறுங்காலு!"

"ஒருவேளை தற்செயலா..." என்று இழுத்தாள் தூரிட்.

"என்ன தற்செயலு? முப்பது வருஷமா பேட்டி எடுக்க வர்றவங்க கேக்குற முதல் கேள்வியே இந்தப் படகைப் பத்திதான். எப்படித் தோணுச்சுன்னு. நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். புயலடிச்ச மறுநாள் ஃபியோர்டு கடலோரமா நடந்து போறேன், ஒரு படகு பாறை மேல ஏறிக் கிடக்கு, பாத்ததும் பளிச்சுன்னு தோணுச்சு. தொண்ணூத்தி மூணுல புத்தகமா வந்துச்சு. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்!"

சின்ட்ரேயின் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நீ என் புத்தகத்தைக் கண்ணால பாத்ததே இல்லையா?"

"எல்லாத்தையும் படிச்சிருக்கேன் மேடம். நான் படம் வரைய வந்ததே உங்களாலதான்."

"கேட்டியா தூரிட்! அவன் வாயாலயே சொல்றான்! அப்புறம் இந்தப் பக்கத்துல என்னப்பா எழுதி வச்சிருக்கே? 'என் படங்களுக்குத் தூண்டுதல்'. அப்பா, தீவு, மூடுபனி, தேவாலயக் கதவுல செதுக்கின பாம்பு. என் பேரு எங்கே? கதவுல இருக்குற பாம்புக்குக் குடுத்த மரியாதைகூட எனக்குக் கிடையாதா?"

"கடைசிப் பக்கத்துல உங்களுக்கு நன்றி எழுதியிருக்கேன் மேடம்."

"உன் நன்றி யாருக்கு வேணும்? பூதம் என்னோடதுன்னு எழுது!"

தூரிட் குறுக்கே வந்தாள். "ஒரு வழி இருக்கு. 'இந்தப் பூதம் குன்வோரின் படத்திலிருந்து எடுக்கப்பட்டது'ன்னு ஒரு சீட்டு அடிச்சு எல்லாப் பிரதியிலயும் ஒட்டிடறேன். சின்ட்ரே, நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். புத்தகம் தப்பிச்சிரும்."

சின்ட்ரே பேனாவை எடுத்தான். எழுதாமலே கீழே வைத்துவிட்டான்.

"இதை மட்டும் என்னால எழுத முடியாது."

"அப்போ அத்தனையும் அரைச்சுக் கூழாக்கணும்ப்பா. மூணு வருஷ உழைப்பு!" என்றாள் தூரிட்.

"ஆக்கிடுங்க" என்றான். கண் கலங்கியிருந்தது.

"திமிரைப் பாத்தியா!" குன்வோருக்குக் கோபம் தலைக்கேறியது. "சரி, சொந்தமா யோசிச்சவன்னா முதல் ஸ்கெட்ச்சுன்னு ஒண்ணு இருக்கணுமே? எந்தப் பூதமும் ஒரே நாள்ல பொறந்துடாது. எங்கே, எடு அதை!"

சின்ட்ரே காலடியில் இருந்த ஃபைலைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதுவரை உயராத குரல் அப்போது உயர்ந்தது.

"வேணாம் மேடம். அதை மட்டும் பாக்காதீங்க. புத்தகமே வேணாம், நான் கிளம்பிடறேன்."

"பாத்தியா, மாட்டிக்கிட்டான்!" குன்வோர் ஃபைலைப் பிடுங்கி, உள்ளே இருந்ததை மேஜையில் கொட்டினார். போன வருடத்து ஸ்கெட்ச்சுகள், அதற்கு முந்தைய வருடத்தவை, எல்லாவற்றிலும் அதே பூதம். அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒரு நோட்டுத் தாள். மெழுகுக் கலரில் கோணல்மாணலாக ஒரு பூதம், இடது காலில் படகு. வெறுங்காலுக்குப் பக்கத்தில் குழந்தை எழுத்தில் 'எங்க அப்பாகிட்ட ஒரு படகுதான் இருக்கு' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, பச்சை மையில் பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் சில வரிகள்.

"என்ன இது? 'அன்புள்ள சின்ட்ரே, ஆறு வயதில் இப்படியொரு பூதமா...'" என்று உரக்கப் படிக்க ஆரம்பித்த குன்வோரின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

தூரிட் தாளை வாங்கி மீதியைப் படித்தாள்.

"'உன் படத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். இந்தப் பூதத்தை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். அன்புடன், குன்வோர். மார்ச் 1991.'"