இடது கட்டைவிரல்

இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடக் கைநாட்டு வைக்க ஈப்போ ஆபீசுக்குப் போனான் பத்துமலை. இடது கட்டைவிரல்தான் வேண்டுமாம். அதைப் போன வருஷமே எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் உருட்டும் மிஷின் நசுக்கி எடுத்துவிட்டது. லயத்து வரிசையில் தன் வீட்டுக்குப் பின்னால் அவனேதான் புதைத்தான்.

“மறுபடி எதுக்கு வந்தே? இப்பத்தானே வச்சிட்டுப் போனே லா,” என்று தாளைக் காட்டினார் மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிராணி.

மை காயவில்லை. ரேகையின் குறுக்கே, ரப்பர் பால்வெட்டுக் கத்தி கிழித்த அவனுடைய பழைய தழும்பு.

வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு ஓடினான். மனைவி காளியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தானே வந்து பிள்ளைக்குப் பொட்டு வச்சிட்டுப் போனீங்க? அதுக்குள்ள என்ன ஓட்டம்?”

உள்ளே போய்த் தொட்டில் துணியை விலக்கினான். பிள்ளை தூங்கியது. நெற்றியில் அகலமான கறுப்புப் பொட்டு. அதன் குறுக்கே அதே தழும்பு.