சீம்பால்

மழை விட்ட பிறகும் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. சிதம்பரத்துக்கு வெளியே இந்தப் பன்றிப் பண்ணையில், காலையில் குட்டி போட்ட தாய்ப் பன்றி ஒருக்களித்துக் கிடக்கிறது. பாதிக் குட்டிகள் சீம்பால் குடித்த மயக்கத்தில் அதன் மடியோரம் தூங்குகின்றன. மீதிக் குட்டிகளின் முதுகில் சிவப்பு மை. சாயங்காலம் ரத்தம் எடுக்கும்வரை அவற்றுக்குப் பால் கிடையாது. அட்டைப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன; மேலே மஞ்சள் பல்பு எரிந்தும் நடுக்கம் நிற்கவில்லை. ஆராய்ச்சி மாணவி பவானி கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்தில் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, விடியுமுன்னே பஸ் ஏறியவள்.

“இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?” தரையைக் கழுவிக்கொண்டே கேட்கிறாள் பண்ணைக்காரி ரத்தினம்மாள்.

“பொறந்த குட்டி ஒடம்புல கொழுப்பே கம்மிக்கா. இருக்குறத எரிச்சு சூடு பண்ணிக்கவும் மொதப் பால் உள்ள போவணுமான்னு பாக்குறோம்.” பல பேருக்குச் சொல்லித் தேய்ந்த பதில்.

தாய்ப் பன்றி, பால் சுரக்கையில் எழுப்பும் அந்த அடித்தொண்டை உறுமலைத் தொடங்குகிறது. பெட்டி மொத்தமும் வீறிடுகிறது. பவானியின் மார்பில் ஈரம் பரவி, வெள்ளைக் கோட்டில் வட்டமாகத் தெரிகிறது. மறைக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை. ரத்தினம்மாள் தோள்துண்டை நீட்டுகிறாள். பவானி அதை மடியில் போட்டுக்கொண்டு, சூடு பார்க்க ஒரு குட்டியைத் தூக்குகிறாள். அது ஈரத்தில் மூக்கை அழுத்தி, துணியைக் கவ்விச் சப்புகிறது. தெர்மாமீட்டரில் எண் இறங்கியிருக்கிறது.

“இன்னும் சாயங்காலம் ஆவலியேக்கா” என்கிறாள். பிறகு அதன் வாயிலிருந்து கோட்டை மெல்ல விடுவித்து, குட்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கிறாள்.