கைதிச் சட்டைக்கு லைனிங்

“இதையும் திருப்பி அனுப்பிப்போட்டாரோ?”

டொறத்திக்குக் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தூக்கி எறியலாம் போல வந்தது. மதில் இடிந்த மறுவருடம் பெர்லினில் இந்தப் படக் கம்பனியின் தையல் அறையில் சேர்ந்தவள். இப்படியொரு அலுப்பை அவள் கண்டதில்லை.

“ஓம் அக்கா. உள்ளுக்குச் சொரசொரக்குதாம்.” உடுப்பு அயன் பண்ணும் றெக்ஸ், கோடு போட்ட கைதிச் சட்டைகளை மேசையில் குவித்தான். “எல்லாத்துக்கும் மெல்லிசுப் பருத்தியில லைனிங் வைக்கட்டாம்.”

“முதல்ல தோய்ச்சு மெதுவாக்கச் சொன்னார். பிறகு தையலை உள்ளுக்கு மடிக்கச் சொன்னார். இப்ப லைனிங்! நாளைக்குச் சூட்டிங், உள்பக்கம் கமராவில தெரியப்போகுதோ?”

“தயாரிப்பாளர் சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது?”

“காவல்காரரின்ர யூனிபோமுக்கு?”

“அதுக்கு ஒண்டும் வேண்டாமாம்.”

“அவர் நாசி முகாமில இருந்து தப்பினவர் எண்டு நீதானே சொன்னனீ?”

“ஓம், பெடியனா இருக்கேக்க. தாய் தகப்பன் ஒருத்தரும் மிஞ்சேல்லையாம். பிறகு இங்க வந்து பகிடிப் படம், காதல் படம், துப்பறியிற படம் எண்டு எடுத்துத் தள்ளினவர். அதில வாற லாபத்தையெல்லாம் இப்பிடி முகாம் படத்தில கொண்டுபோய் விடுவார். இதுக்குத்தான் சனம் வராது.”

“எப்பிடி வரும்? முகாமில லைனிங் வைச்ச சட்டையே குடுத்தவங்கள்? பேப்பரில மட்டும் ‘உள்ளதை உள்ளபடி காட்டுறன்’ எண்டு பேட்டி!”

பின்னேரம் தயாரிப்பாளர் ஹெர் லெவின் தானே தையல் அறைக்கு வந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய, குள்ளமான மனிதர். தைத்து முடித்த சட்டையொன்றை எடுத்துத் திருப்பி, கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். பிறகு கழுத்தில்.

“கழுத்துப் பட்டி இன்னும் குத்துகிறது.”

டொறத்திக்குப் பொறுமை போய்விட்டது. ஜெர்மன் மொழியில் வெடித்தாள்.

“ஹெர் லெவின், காலையிலிருந்து நான் சாப்பிடக்கூட இல்லை. உங்களுக்கு மனச்சாட்சி இருக்கிறதா? முகாமில் இப்படிப்பட்ட சட்டையா தந்தார்கள்?”

றெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவுக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தான்.

“இல்லை,” என்றார் அவர். “சாக்குப் போலத் தந்தார்கள். கழுத்தைச் சுற்றிப் புண் வந்தது. அந்தப் பட்டி அதை ஆற விடவேயில்லை.”

“அப்படியென்றால் நாங்கள் செய்வது பொய்தானே? படத்தில் உண்மையைக் காட்ட வேண்டாமா?”

அவர் சட்டையைப் பக்குவமாக மடித்து அவளிடம் நீட்டினார்.

“பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டத்தானே படம் எடுக்கிறேன். நடிக்க வந்த பிள்ளைகளின் தோலுக்கு அது எதற்கு?”