மலிவுத் துவக்கு

"துவக்கு விக்கிற பிள்ளை என்ர வீட்டுக்கு மருமகளோ? நடக்காத காரியம்!"

குணசேகரம் போட்ட சத்தத்தில் மகன் கீர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கட்ட விரும்பிய யாதவி குனியவில்லை. சுவிஸ் தலைநகர் பேர்னில் துவக்கும் தோட்டாவும் இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றில், வேண்டிய சாமான்களுக்கு ஓடர் கொடுப்பது அவள் வேலை. கலியாணம் பேச இவர்களின் ஊரான லா ஷோ-து-ஃபோன் வரை வந்திருக்கிறாள். கொடுத்த தேத்தண்ணியைக்கூட இன்னும் தொடவில்லை.

"அங்கிள், சண்டைக்கு விக்கேல்ல. கிளப்பில குறி பாத்துச் சுடுறவைக்குத்தான்."

"மலிவுத் துவக்கெண்டு இவன் சொன்னான். மலிவா விக்கிற சாமானோ அது?"

"மலிவெண்டாலும் இஞ்ச விக்கிறது லேசில்லை." தொழிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவளுக்குப் பயம் பறந்துவிடும். "அமெரிக்காவில விலை குறைஞ்சாக் காணும், அள்ளிக்கொண்டு போவினம். ஜேர்மனியில அனுமதி எடுக்கவே மாசக்கணக்கு. அவ்வளவு அலைஞ்சவன் மலிவைத் தேடமாட்டான். இஞ்ச எண்டா, ஆர்மி முடிச்சவன் தன்ர துவக்கையே சின்னக் காசுக்கு வீட்ட கொண்டு வாறான். அதோட போட்டி போட முந்நூறு மீட்டரில குறி தப்பக்கூடாது. எங்கட செமி ஆட்டோமேட்டிக் முதல் வருசம் படுத்திட்டுது. பிறகு உள்ளுக்க ஒரேயொரு சின்னச் சாமானைச் சுவிசிலேயே செய்விச்சுப் போட்டம். இப்ப கடையில நிக்குதில்லை!"

"கெட்டித்தனம்தான். என்ர தம்பியைச் சுட்டதும் ஆரோ ஒரு கெட்டிக்காரன் வித்த துவக்குத்தான், பிள்ளை."

அவள் குரல் இறங்கியது. "கவலைதான் அங்கிள். ஆனா, எனக்குப் பிடிச்ச வேலை. விடமாட்டன்."

"என்னைப் பார்! இருபத்தஞ்சு வருசம் ஒரே பக்டரி. இந்தக் கை ஒரு உயிருக்கும் கேடு செய்யேல்ல." பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் நகமளவு ஸ்பிரிங் ஒன்று, கீழே 417 என்ற இலக்கம். "நான் செய்தது. பக்டரிக்காரர் பரிசாத் தந்தவங்கள். எந்த மணிக்கூட்டுக்குள்ள போகுதெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த ஊரில மணிக்கூட்டை விட்டா வேற என்ன செய்யிறாங்கள்?"

யாதவி எழுந்துபோய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தாள்.

"வேலையை விடுறன், அங்கிள்."

"என்ர பிள்ளை!" அந்த மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கே நாள் பாப்பம்!"

ஸ்டேசனுக்குப் போகும் வழியெல்லாம் கீர்த்தனனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "நான் நாலு மாசமாக் கெஞ்சினன், விடமாட்டன் எண்டு நிண்டனீ. அப்பா சித்தப்பாவைப் பற்றிச் சொன்னதும் மனம் இளகிட்டுதோ?"

"இல்லை. நான் அங்க இருந்தா எண்டைக்காவது ஒருநாள் அவருக்குத் தெரிஞ்சுபோகும்," என்றாள் யாதவி. "எங்கட துவக்கின்ர விசைக்குள்ள இருக்கிறது அந்த நானூற்றுப் பதினேழுதான், கீர்த்தன். போன மாசமும் ஐயாயிரம் ஓடர் குடுத்தனான்."