பலகை வரும்வரை

"மூத்திரம் என்ன, பலகை வர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்குமா டீச்சர்?"

வகுப்பு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் தியரி. டீச்சரைப் பார்த்தால் கை கூப்ப வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு அவளுக்கு நினைவில்லை. கம்போடியாவில், புனோம்பென் ஊரோரத்து ஆடை கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி ஒரு வரிசைப் பெண்களை வேலை வாங்குகிறவள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவள் போட்ட சத்தத்தில், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள்.

அவள் மகள் மாலிஸ் ஒன்றாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நீலப் பாவாடை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சுக்கு அடியில் யாரோ மண் அள்ளிப் போட்டிருந்தார்கள். முன்னால் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தன.

தியரி நேராக மகளிடம் போனாள். கழுத்தில் கிடந்த கட்டம்போட்ட துண்டை உருவி மகளின் இடுப்பில் சுற்றினாள்.

"நான் இனிமே பள்ளிக்கூடம் வரமாட்டேம்மா" என்றது குழந்தை. அழுது முடித்த குரல்.

அந்த நேரம் பார்த்து தியரியின் போன் அடித்தது. கம்பெனி நம்பர். பாதியில் எழுந்து வந்ததற்குத் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, எடுக்காமல் அமுக்கினாள்.

டீச்சர் குந்தியா சின்னப் பெண். வேலைக்கு வந்து இன்னும் பயம் தெளியாதவள். தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். சுவரில் ஓர் ஆணி. அதில் கயிறு கோத்த சின்ன மரப்பலகை ஒன்று தொங்கும். பாட வேளையில் கழிப்பறைக்குப் போகிற பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்த பிள்ளை எழுந்திருக்கலாம். பலகை இல்லாத பிள்ளை முற்றத்தில் தென்பட்டால் தலைமையாசிரியர் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் டீச்சருக்கும் அர்ச்சனை நடக்கும்.

"எதுக்கு இந்தக் கூத்து?"

"ஒண்ணு போனா பின்னாடியே பத்து போகுதுக்கா. தண்ணித் தொட்டியில விளையாடிட்டுப் பாடம் முடிஞ்சப்புறம்தான் வருதுங்க."

"சரி. இன்னிக்குப் பலகை எங்க போச்சு?"

நாரி என்ற பிள்ளைக்குக் காலையிலேயே காய்ச்சலாம். பலகையை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போனவளை, கூட்டிப்போக வந்த அவள் அப்பா அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். பலகையும் அவள் கழுத்தோடு போய்விட்டதாம்.

தியரிக்கு வந்ததே கோபம்.

"ஒருத்தி மறந்தாப்புல மாட்டிக்கிட்டுப் போயிட்டா, மத்தது எல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அவங்கப்பனுக்குத்தான் அறிவில்ல. உங்களுக்கு வாய் இல்லையா, போயிட்டு வாடி கண்ணுன்னு சொல்ல?"

"சட்டம் நான் போட்டதில்லக்கா. மீறினா என் வேலைக்கு…"

"உங்க வேலை நிலைக்கணும்னு எம்பொண்ணு மானம் போகணுமா? அடக்கி அடக்கி வச்சா உடம்பு என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் பொம்பளதான?"

போன் மறுபடி அடித்தது. மறுபடியும் அமுக்கினாள். சம்பளத்தில் பிடிப்பார்கள், அவ்வளவுதானே, பிடித்துத் தொலையட்டும் என்றிருந்தது அவளுக்கு. பெற்ற பிள்ளை ஊர் சிரிக்க உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாய்க்குச் சம்பளம் பெரிது?

குந்தியாவின் கண் கலங்கிவிட்டது. சுவரிடம் போய் அந்த ஆணியைப் பிடித்து ஆட்டினாள். காரை உதிர்ந்து, ஆணி கையோடு வந்தது.

"நாளையிலருந்து பலகை கிடையாதுக்கா. கை தூக்கினா போகலாம். ஹெட்மாஸ்டர் கேட்டா நான் பேசிக்கறேன்."

தியரி அந்த ஆணியை அவள் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வழியே வீசினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. மறந்துபோன வணக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிள்ளையின் ஈரம் அவள் ஏப்ரனிலும் ஊறியது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. ஒரு சட்டத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு வருகிறோம் என்ற நிமிர்வு அவள் நடையில் இருந்தது.

பள்ளி வாசலில் மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று எடுத்தாள். அவள் வரிசையில் தைக்கிற போப்பா பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எப்ப வருவீங்க?"

"ஏன், நான் தலைமாட்டுல நின்னாத்தான் உங்களுக்கு ஊசி ஓடுமா?"

"ஊசியெல்லாம் ஓடுதுக்கா. மாசமா இருக்காளே ராத்தா, அவளாலதான் முடியல. அழுதுக்கிட்டே தைக்கிறா. காவக்காரன் கதவுக்கிட்டயே விடமாட்டேங்கறான்."

தியரியின் கை தானாக ஏப்ரன் பைக்குள் போயிற்று. வரிசைக்கு ஒன்றே ஒன்று போதும் என்று மேனேஜருக்கு அவளே யோசனை சொல்லிச் செய்யவைத்த, கழிப்பறைக்குப் போகும் சிவப்பு அட்டை, காலையிலிருந்து அங்கேதான் இருந்தது.