மூன்றாவது ஸ்வெட்டர்

“மறுபடியும் கம்பளி நூலா? அதுவும் எட்டுக் கண்டு!” லெர்விக் துறைமுகத்தை ஒட்டிய அந்த நூல் கடையில் அம்மாவின் குரல் எகிறியது.

ஓஸ்லா அசரவில்லை. “மேக்னிக்கு இன்னொரு ஸ்வெட்டர் பின்னப் போறேன்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தா, அதைப் போட்டுக்கிட்டே ஆம்பள ஓடிப் போயிடுவான்னு இந்தத் தீவுல எல்லாருக்கும் தெரியும். உன் மண்டையில மட்டும் ஏறாதா? சொந்தப் படகு வெச்சிருக்கிற பையன்டி! எவ்வளவு தேடிப் பிடிச்சிருக்கேன்!”

“ஏற்கெனவே ரெண்டு பின்னிக் குடுத்தாச்சு. ஓடிட்டானா? என் ஊசி, என் நூல். நான் பின்னத்தான் போறேன்.”

“எப்படியோ நாசமாப் போ!” அம்மா கதவை அறைந்துவிட்டு வெளியேறினாள்.

கடைக்கார இங்கா நூலைப் பையில் போட்டபடி சிரித்தாள். “அம்மாவையே எதிர்த்துக்கிட்டு நிக்கிறியே, அவன்மேல அவ்வளவு ஆசையா?”

“ஆசையா? வேணாம்னு வாய் வலிக்கச் சொல்லிட்டேன் அக்கா. அவனுக்கும் உறைக்கல, அம்மாவுக்கும் உறைக்கல. ரெண்டு ஸ்வெட்டரையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு தினம் டீ குடிக்க வந்து நிக்கிறான்!”

ஓஸ்லா இன்னும் இரண்டு கண்டுகளை எடுத்து வைத்தாள்.

“இந்தத் தடவை சாக்ஸும் சேர்த்துப் பின்னப் போறேன். நடையைக் கட்ட வசதியா இருக்கும்.”